முள் காட்டும் மெய்யும் பொய்யும்

[வானொலி ஆர்வலர் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்]

‘அலையும் அளவியும் பற்றிப் பேச இயற்பியல் ஆசிரியர் இருக்க, இலக்கணம் நடத்தும் தமிழாசிரியனுக்கு இங்கே என்ன வேலை?’ என்று உங்களுள் சிலர் எண்ணலாம். வேலை உண்டு. நானும் உரிமம் பெற்றுப் பல்லாண்டுகளாக வானலைகளோடு பழகி வருபவன் என்பது ஒன்று. கருவி காட்டும் எண்ணுக்குப் பொருள் காண்பதும் நூலில் நிற்கும் சொல்லுக்குப் பொருள் காண்பதும் ஒரே முறையின என்பது மற்றொன்று. ஒரு சொல் எவ்விடத்தில், எதனைக் குறித்து, எவர் வாயினின்று பிறந்தது என்று அறியாமல் உரை எழுதினால் உரை பிழைபடும். அளவியின் எண்ணும் அத்தகையதே.

தொல்காப்பியர் எழுத்தொலிகளின் அளவாகிய மாத்திரையைக் கூறப் புகுந்தபோது, அதனை எதைக்கொண்டு அளப்பது என்பதையும் உடன் கூறினார். கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் அளவுகோலாக வைத்தார். அளவைச் சொல்பவன் அளவுகோலையும் சொல்லியாக வேண்டும் என்பது நம் இலக்கணத்தின் தொடக்கத்திலேயே நிற்கும் நெறி. அந்நெறியை மறந்து அலைக்கம்பியை அளப்பதனால் வரும் மயக்கங்களையும், அவற்றைக் களையும் வழிகளையும் பற்றியே இன்று பேசவிருக்கின்றேன்.

முதலில் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். ‘ஆம் ரேடியோ’ என நாட்டார் வழங்குவதை ஆர்வலர் வானொலி என்பேன். ‘ஆண்டெனா’வை அலைக்கம்பி என்பேன். நடுவில் ஒரு செப்புக் கம்பியும், அதனைச் சூழ்ந்து காப்புப் பொருளும், அதன்மேல் செப்பு வலைப்பின்னலுமாய் ஒரே அச்சில் அமைந்த ‘கோ ஆக்சியல் கேபிளை’ ஓரச்சு வடம் என்பேன். ‘எசு.டபிள்யூ.ஆர்.’ என்பதை நிலையலைத் தகவு என்பேன். சுருக்கமாகத் தகவு என்றும் சொல்வேன். ‘டம்மி லோடு’ போலிச்சுமை ஆகும். இவ்வளவு போதும்.

ஏன் இதனைக் கருத்தோடு கற்க வேண்டும்?

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து நம் நாகைக் கடற்கரையையும் ஈழத்தின் கீழைக் கரையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் அழித்தது. தீவுகளில் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அவ்வேளையில் ஆர்வலர் வானொலி முயற்சிக்காக அந்தமான் தலைநகருக்கு வந்திருந்த பாரதி பிரசாத்து அம்மையாரும் அவர்தம் குழுவினரும் தம்மிடமிருந்த கருவிகளைக் கொண்டு பெருநிலத்தோடு செய்தித் தொடர்பு ஏற்படுத்தினர். உற்றார் இருக்கின்றாரா இல்லையா என்று அறியாது ஏங்கிய குடும்பங்களுக்கு அவ்வலைகள் வழியே செய்தி சென்றது.

அத்தகைய நாள் எவ்வூருக்கும் வரலாம். அன்று உங்கள் மேசை மீதுள்ள அளவியின் முள் ‘குறை ஒன்றுமில்லை’ என்று காட்டிக்கொண்டிருக்க, நீங்கள் விடுத்த அழைப்பு அடுத்த மாவட்டத்தையும் எட்டாமற் போனால் என் செய்வீர்? முள்ளை நம்பியதன் விலையை அன்று பிறர் கொடுக்க நேரும். ஆதலால் முள் எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லவில்லை என்பதை அமைதியான நாளிலேயே அறிந்து வைத்தல் வேண்டும்.

அளவி அளப்பது யாது?

கிணற்றுக் கயிறு ஒன்றின் ஒரு நுனியைத் தூணிற் கட்டி, மறு நுனியைக் கையிற் பிடித்து ஒருமுறை உதறுங்கள். அலை கயிற்றின் வழியே ஓடித் தூணில் மோதித் திரும்பி வரும். விடாமல் உதறினால் செல்லும் அலையும் மீளும் அலையும் கலந்து, கயிற்றில் சில இடங்கள் மிகுதியாக ஆடும். சில இடங்கள் அசையாதிருக்கும். ஆடும் இடங்கள் நகர்வதில்லை. நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே இது நிலையலை எனப்பெற்றது. வடத்தினுள் மின்னழுத்தமும் இவ்வாறே நிற்கும். மிகுந்த இடத்து மின்னழுத்தத்தைக் குறைந்த இடத்து மின்னழுத்தத்தால் வகுத்தால் வருவதே நிலையலைத் தகவு.

நாம் பயன்படுத்தும் வடம் பெரும்பாலும் 50 ஓம் இயல்பினது. அதன் முடிவில் 50 ஓம் சுமை இருந்தால் சென்ற அலை முழுதும் ஏற்கப்படும். தகவு 1 ஆகும். முடிவில் 100 ஓம் இருந்தாலும் 25 ஓம் இருந்தாலும் தகவு 2. சென்ற திறனில் ஏறத்தாழ 11 விழுக்காடு மீளும். தகவு 3 ஆனால் 25 விழுக்காடு மீளும்.

அமெரிக்கப் பொறியாளர் வாரன் புரூன் 1959-இல் ‘கியூ.எசு.டி.’ இதழில் விளக்கிய சுற்றமைப்பின் வழிவந்த அளவிகளே இன்றும் பலர் மேசைகளில் உள்ளன. அவை அளப்பது ஒன்றே: தாம் பொருத்தப்பட்ட இடத்தில் செல்லும் அலைக்கும் மீளும் அலைக்கும் உள்ள தொடர்பு. அலைக்கம்பி வானில் எவ்வளவு வீசுகின்றது என்பதை அவை அளப்பதில்லை.

இதற்குப் போலிச்சுமையே சான்று. அஃது 50 ஓம் மின்தடை ஒன்றைப் பெட்டியுள் அடைத்தது. அதனை இணைத்தால் அளவி 1 காட்டும். குறையே சொல்ல முடியாத எண். ஆயினும் திறன் முழுதும் வெப்பமாகிப் போகும். வானில் ஒன்றும் எழாது. ஆகவே, ‘தகவு 1, ஆதலால் என் அலைக்கம்பி சிறந்தது’ என்று சொல்பவர், தம் அலைக்கம்பிக்கும் போலிச்சுமைக்கும் வேறுபாடு காட்டாத ஓர் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்கின்றார்.

அளவி கேட்டதற்கு விடை கூறும். நாம் ஒன்றைக் கேட்டுவிட்டு, வேறொன்றிற்கு விடை கிடைத்ததாகக் கொள்கின்றோம். அம்மயக்கம் பிறக்கும் இடங்கள் ஐந்து. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது: வடம் உண்ணும் திறன்

வணிகர் ‘ஆர்.ஜி. 58’ என விற்கும் மெல்லிய வடம் 30 மீட்டர் வாங்கி மாடிக்கு ஏற்றுகிறீர்கள். 145 மெகா எர்ட்சு அதிர்வெண்ணில் அவ்வடத்தின் இழப்பு ஏறத்தாழ 6 டெசிபெல். அஃதாவது கீழே செலுத்திய திறனில் காற்பங்கே மேலே சென்று சேரும்.

இப்பொழுது கணக்கிட்டுப் பாருங்கள். மாடியில் அலைக்கம்பியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். காற்றில் முறிந்து விழுந்துவிட்டது. வடத்தின் நுனி வெறுமையாய்த் தொங்குகின்றது. கீழிருந்து 100 வாட்டு அனுப்பினால் 25 வாட்டு மேலே சேரும். ஏற்பார் இல்லாமையால் 25 வாட்டும் திரும்பும். வழியில் மறுபடியும் முக்காற்பங்கு இழந்து 6.25 வாட்டாக அளவியை அடையும். செல்வது 100, மீள்வது 6.25. இவற்றின் மின்னழுத்தங்கள் நான்குக்கு ஒன்று. ஆகத் தகவு ஐந்தை மூன்றால் வகுத்தது, ஏறத்தாழ 1.67.

அலைக்கம்பியே இல்லாத இடத்தில் அளவி 1.67 காட்டுகின்றது! ‘இரண்டுக்குள் இருக்கின்றது, நன்று’ என்று மகிழ்பவர் எத்தனை பேர்!

இதனினும் வஞ்சகமானது மழைநீர். இணைப்பியின் வாயைச் சரியாக மூடாவிட்டால் நீர் வடத்தினுள் இறங்கும். செப்பு வலை கறுக்கும். இழப்பு ஆண்டுக்காண்டு வளரும். இழப்பு வளர வளர மீளும் அலை குறையும். மீளும் அலை குறையக் குறைய அளவி காட்டும் தகவு அழகாகும். வடம் செத்துக்கொண்டிருக்க, எண் சிறந்துகொண்டிருக்கும். நோயாளியின் உடல் குளிர்ந்தது கண்டு காய்ச்சல் தணிந்ததென்று மகிழ்வது போன்றது இது. எவரும் தொடாத அலைக்கம்பியின் தகவு தானாகவே குறைந்தால், அஃது ஐயுறத் தக்க செய்தி என்க.

இரண்டாவது: நிலம் உண்ணும் திறன்

அலைநீளத்தில் காற்பங்கு நீளமுள்ள கம்பியை நிலத்தில் நேரே நிறுத்தி, நிலத்தையே மறுபாதியாகக் கொள்ளும் அமைப்பு ஒன்று உண்டு. நிலம் குறையற்ற மின்கடத்தியாயின் அதன் வீச்சுத் தடை ஏறத்தாழ 36 ஓம். 50 ஓம் வடத்தோடு இணைத்தால் தகவு ஏறத்தாழ 1.4.

ஆனால் மண் நல்ல கடத்தியன்று. மண்ணின் இழப்பு 14 ஓம் என்று கொள்வோம். 36-ஐயும் 14-ஐயும் கூட்டினால் 50. தகவு 1! ஆனால் 100 வாட்டில் 72 வாட்டே வானுக்குச் செல்லும். 28 வாட்டு மண்ணைச் சூடாக்கும்.

ஊக்கமுள்ள ஒருவர் அலைக்கம்பியின் அடியினின்று பல திசைகளிலும் செப்புக் கம்பிகளைப் பரப்பி மண்ணின் இழப்பை 4 ஓமாகக் குறைக்கின்றார் என்று கொள்வோம். இப்போது மொத்தம் 40 ஓம், தகவு 1.25. எண் கெட்டுவிட்டது. ஆனால் 100 வாட்டில் 90 வாட்டு வானுக்குச் செல்கின்றது. எண்ணை மட்டும் பார்ப்பவர், ‘கம்பி பரப்பியதால் கெட்டது’ என்று பரப்பியதைச் சுருட்டி எடுத்துவிடுவார். தம் உழைப்பின் பயனைத் தாமே அழிப்பார்.

இடமில்லாதார் அமைக்கும் குறுங்கம்பிகளில் இம்மயக்கம் பெரிதாகும். அளவிற் குறுகிய கம்பிக்கு வீச்சுத் தடை 5 ஓம் அளவிலேயே இருக்கலாம். சுருளின் இழப்பும் மண்ணின் இழப்பும் சேர்ந்து 45 ஓம் என்றால், தகவு 1; வானுக்குச் செல்வது 100-க்கு 10. இவ்வமைப்புகளை ஒரு குறியால் கண்டுகொள்ளலாம். இழப்புக் குறைந்த குறுங்கம்பியின் தகவு, அதிர்வெண் சற்றே விலகினாலும் விரைந்து ஏறும். அவ்வாறன்றி, பட்டையின் இக்கரை முதல் அக்கரை வரை தகவு அசையாமல் தாழ்ந்தே நின்றால், எங்கோ ஒரு போலிச்சுமை மறைந்திருக்கின்றது என்று கொள்க.

மூன்றாவது: வடத்தின் புறத்தோலில் ஓடும் மின்னோட்டம்

ஓரச்சு வடத்தில் இரண்டு கடத்திகளே கண்ணுக்குத் தெரியும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் கடத்தியின் மேற்புறத்திலேயே ஓடும் இயல்பினது. ஆதலால் வலைப்பின்னலின் உட்புறம் ஒரு வழியாகவும், வெளிப்புறம் மற்றொரு வழியாகவும் அமைந்துவிடுகின்றன. வடத்துக்குள் மூன்று வழிகள் உண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இரு கைகளை நீட்டினாற்போல் அமைந்த அரையலைக் கம்பியை வடத்தோடு நேராக இணைக்கும்போது, உட்புற மின்னோட்டத்தின் ஒரு பகுதி அலைக்கம்பியின் கைக்குச் செல்லாமல் வலையின் வெளிப்புறம் வழியே கீழே இறங்கிவிடும். அப்பொழுது வடமும் அலைக்கம்பியின் மூன்றாவது கையாகிவிடுகின்றது. நீங்கள் அளப்பது அலைக்கம்பியை அன்று. அலைக்கம்பி, வடம், சுவரிலுள்ள மின்கம்பி, பரப்பியின் பெட்டி, அதனைத் தொடும் உங்கள் கை ஆகிய அனைத்தையும் சேர்த்தே அளக்கின்றீர்கள்.

இதற்கு அடையாளங்கள் தெளிவானவை. வடத்தைக் கையாற் பற்றினால் எண் மாறும். வடத்தை வேறிடம் நகர்த்தினால் மாறும். இரண்டு மூன்று மீட்டர் வடத்தைக் கூட்டினால் மாறும். நேற்று மாடியில் ஏறிச் சரிசெய்த நீளம், இன்று கீழே வந்து அளந்தால் பொருந்தாது. பலர் இதனைக் கண்டு மீண்டும் ஏறிக் கம்பியை வெட்டுவர், மறுநாள் ஒட்டுவர். நோய் கம்பியில் இல்லை.

மருந்து எளிது. அலைக்கம்பியோடு வடம் இணையும் இடத்தில், தக்க பெரைட்டு வளையத்தினூடே வடத்தைப் பலமுறை சுற்றி ஒரு தடைச்சுருள் அமையுங்கள். உள்ளே செல்லும் அலையை அது தொடாது. வெளிப்புற ஓட்டத்தை மட்டும் தடுக்கும். அதன் பின் அளந்தால், அளப்பது அலைக்கம்பியை என்ற உறுதி கிடைக்கும். வரவேற்பிலும் பயன் உண்டு. வீட்டின் மின்கருவிகள் எழுப்பும் இரைச்சல் வடத்தின் தோல்வழி ஏறி வருவதும் குறையும்.

நான்காவது: இடம் மாறினால் எண் மாறும்

இன்று கையகலக் கருவிகள் வந்துள்ளன. ‘நானோ வி.என்.ஏ.’ என்பது 2019 முதல் உலகெங்கும் மலிவாகப் பரவியது. அது தகவோடு நில்லாது, மின்தடை இவ்வளவு, மின்மறுப்பு இவ்வளவு என்று பிரித்தும் காட்டும். நல்ல கருவிதான். ஆனால் அது சொல்வது தன் வாயில் நிற்கும் எண்ணை. அலைக்கம்பியின் வாயில் நிற்கும் எண்ணை அன்று.

7.1 மெகா எர்ட்சில் அலைக்கம்பியின் தடை 100 ஓம் என்று வைப்போம். வடம் கட்டியான பாலித்தீன் காப்புடையது. அதனுள் அலை, வெற்றிடத்தில் ஓடும் விரைவில் ஏறத்தாழ 66 விழுக்காடே ஓடும். ஆகவே ஏறத்தாழ 7 மீட்டர் வடம் காலலை நீளமாகும். காலலை வடம் தடையைத் தலைகீழாக்கும் இயல்பினது: 50-ஐ 50-ஆற் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 25. அலைக்கம்பியில் 100 ஓம். உங்கள் கையில் 25 ஓம். ‘தடை குறைந்திருக்கின்றது, கூட்ட வேண்டும்’ என்று புறப்பட்டால், செய்வதெல்லாம் நேர்மாறாகும்.

வடத்தை ஏறத்தாழ 14 மீட்டர் ஆக்கினால் அஃது அரையலை. அப்போது 100 ஓம் 100 ஓமாகவே தெரியும். வடத்தின் இழப்புச் சிறிதாயின் தகவு மட்டும் எந்நீளத்திலும் 2-ஆகவே இருக்கும். இதனை நினைவிற் கொள்க: வட நீளத்தோடு தடையும் மறுப்பும் மாறுவது இயல்பு, தகவு பெரிதும் மாறுவது பழுது.

மறுப்புச் சுழியாகும் அதிர்வெண்ணே அலைக்கம்பியின் ஒத்ததிர்வெண் என்று கீழே நின்று முடிவு செய்வதும் இதே பிழைதான். வடம் அச்சுழியை இடம் மாற்றிக் காட்டும். அலைக்கம்பியின் மெய்யான தடை வேண்டுமாயின், வடத்தின் மேல் நுனியிலேயே திறப்பு, குறுக்கிணைப்பு, 50 ஓம் சுமை ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக வைத்துக் கருவியை அளவுத்திருத்தம் செய்து, அதன் பின் அளக்க வேண்டும். அப்போது வடத்தைக் கருவி கணக்கினின்று நீக்கிவிடும்.

ஐந்தாவது: அளவியின் குறை

பழைய முள்ளளவிகளில் இருமுனையம் என்னும் சிற்றுறுப்பு மீளும் அலையை நேர்மின்னாக்கி முள்ளுக்குத் தருகின்றது. மிகச் சிறிய மின்னழுத்தத்தை அவ்வுறுப்பு உணராது. ஆகவே ஓரிரு வாட்டுத் திறனில் அளந்தால் செல்லும் அலை தெரியும். மீளும் அலை மறையும். தகவு மெய்யினும் குறைவாகத் தோன்றும். திறனைக் கூட்டியதும் தகவு ஏறினால், கெட்டது அலைக்கம்பி என்று முடிவு செய்யாதீர். முதலில் அளவியை ஐயுறுங்கள்.

27 மெகா எர்ட்சுக்கென ஆக்கிய அளவியை 145-இல் வைத்தால் அது நம்பத் தக்கதன்று. பரப்பியிலிருந்து இரட்டித்த, மும்மடங்கான அதிர்வெண்கள் கலந்து வந்தால், அவற்றை அலைக்கம்பி ஏற்காது திருப்பும். எவ்வளவு சரிசெய்தாலும் முள் சுழிக்கு இறங்காது. அருகில் வலிய ஒலிபரப்பு நிலையம் இருந்தால், அதன் அலை உங்கள் அலைக்கம்பி வழியே புகுந்து, மிகச் சிறு திறனில் இயங்கும் ஆய்வுக் கருவியைக் குழப்பும்.

எண்ணியல் கருவியிலும் ஒரு வலை உண்டு. அது 101 புள்ளிகளில் அளக்கும்போது, 1 முதல் 900 மெகா எர்ட்சு வரை ஒரே வீச்சில் நோக்கினால், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 9 மெகா எர்ட்சு இடைவெளி. நம் நாட்டில் 40 மீட்டர்ப் பட்டை 7.0 முதல் 7.2 வரையே. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அப்பட்டை முழுதும் விழுந்து மறையும். ‘ஒத்ததிர்வே இல்லை’ என்று திரை சொல்லும். 6.5 முதல் 7.5 வரை குறுக்கி, அவ்வெல்லைக்கு மீண்டும் அளவுத்திருத்தம் செய்து பாருங்கள். 10 கிலோ எர்ட்சுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். மறைந்தது தோன்றும்.

எண் அடிமைத்தனமும் வேண்டா

இத்துணையும் கேட்டபின், தகவு 1 ஆகும்வரை உறங்கேன் என்று எவரும் உறுதிபூண வேண்டா. அதுவும் மயக்கமே. அமெரிக்கப் பொறியாளர் வால்டர் மேக்சுவெல் 1973 முதல் அதே ‘கியூ.எசு.டி.’ இதழில் தொடர் கட்டுரைகள் எழுதி இதனை விளக்கினார். மீளும் அலை எல்லாம் இழப்பு என்பது தவறு. இழப்புக் குறைந்த வடத்தில், பொருத்தம் சரியாக அமைந்தால், மீண்டு வந்த அலை மறுபடியும் திருப்பப்பெற்று அலைக்கம்பிக்கே செல்லும். 7 மெகா எர்ட்சில் நல்ல வடத்தோடு தகவு 2 இருப்பதற்கும் 1 இருப்பதற்கும் தொலைவில் கேட்பவர் வேறுபாடு காணார். இழப்பு மிக்க வடத்தில் தகவு 1 இருப்பதைவிட, இழப்பற்ற வடத்தில் தகவு 2 இருப்பது மேல்.

பழுது காணும் முறை

இனி, ஐயம் எழுந்தபோது எங்குத் தொடங்குவது? மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் ஒழுங்காகச் செல்ல வேண்டும். ஒரு வேளையில் ஒன்றையே மாற்ற வேண்டும்.

ஒன்று: நல்ல போலிச்சுமையை அளவியோடு நேரே இணையுங்கள். 1 காட்டவில்லையாயின் அளவியிலோ பரப்பியிலோ குறை. அதனைத் தீர்க்காமல் மேலே செல்லற்க.

இரண்டு: அதே போலிச்சுமையை வடத்தின் மேல் நுனியில் வைத்து, கீழே அளவுங்கள். 1-க்கு அணித்தாகக் காட்ட வேண்டும். இல்லையேல் வடமோ இணைப்பியோ பழுது.

மூன்று: மேல் நுனியைத் திறந்து விட்டு அளவுங்கள். இதனைப் பரப்பியின் முழுத் திறனிற் செய்யாதீர்; பரப்பி கெடும். சிறு திறன் ஆய்வுக் கருவியையே பயன்படுத்துங்கள். 7 மெகா எர்ட்சில், 30 மீட்டர் நல்ல மெல்வடம் ஏறத்தாழ 7 என்னும் தகவு காட்டும். இங்கே எண் பெரிதாயிருத்தலே நலம். 3 அல்லது அதனினும் குறைவு காட்டினால், வடம் பாதித் திறனையோ அதற்கும் மேலோ உண்கின்றது, மாற்றிவிடுங்கள்.

நான்கு: தடைச்சுருளோடு அலைக்கம்பியை இணைத்து, ஆய்வுக் கருவியால் அளக்கும்போது வடத்தைக் கையாற் பற்றிப் பாருங்கள், சில மீட்டர் வடம் கூட்டிப் பாருங்கள். தகவு அசையாதிருத்தல் வேண்டும். பரப்பி இயங்கும்போது அலைக்கம்பியை எவரும் தொடலாகாது.

ஐந்து: அலைக்கம்பியை அது நிற்க வேண்டிய உயரத்திலேயே வைத்து அளவுங்கள். அரையலைக் கம்பிக்கு வெட்டவெளியில் தடை ஏறத்தாழ 73 ஓம். நிலத்தின் அணிமையும் சுவரும் தகரக் கூரையும் அதனை மாற்றும். தலையுயரத்தில் சரிசெய்தது மாடியுயரத்தில் பொருந்தாது.

ஆறு: எழுதி வையுங்கள். நாள், மழையா வெயிலா, அதிர்வெண், எண், அளந்த இடம், வட நீளம் ஆகிய ஆறும் இல்லாத அளவு வெறும் வதந்தி. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அளந்த குறிப்பு ஒருவரிடம் இருந்தால், வடத்துள் நீர் புகுந்ததை ஏடே காட்டிக்கொடுக்கும்.

ஏழு: இறுதித் தீர்ப்பைத் தொலைவில் கேட்பவரிடம் விடுங்கள். ஆனால் அதிலும் விழிப்பு வேண்டும். வான்மின் அடுக்கு மணித்துளிக்கு மணித்துளி மாறுவது. காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் வைத்து ஒப்பிடுவது ஒப்பீடாகாது. இரண்டு அலைக்கம்பிகளை உடனுக்குடன் பலமுறை மாற்றி, எது எது எனச் சொல்லாமல் கேட்பவரை மதிப்பிடச் செய்யுங்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் சோசப்பு டெய்லர் 2008-இல் வெளியிட்ட ‘விசுபர்’ என்னும் முறையும் இதற்கு உதவும். சிறு திறனில் விடுத்த குறியலையை உலகெங்குமுள்ள ஏற்பிகள் எவ்வளவு வலிமையிற் கேட்டன என்பதைப் பதிவாகக் காணலாம்.

இங்கே ஒரு குறிப்பு. 7 மெகா எர்ட்சு போன்ற பட்டைகளில் வானின் இரைச்சலே பெரிது. இழப்பு மிக்க அலைக்கம்பி குறியலையையும் இரைச்சலையும் ஒருங்கே குறைக்கும். ஆகவே பிறர் பேச்சு உங்களுக்குத் தெளிவாகவே கேட்கும். ஆனால் உங்கள் பேச்சு பிறருக்குக் கேளாது. ‘எனக்கு எல்லாரும் கேட்கின்றனர், என்னை எவரும் கேட்பதில்லை’ என்று ஒருவர் முறையிட்டால், பரப்பியின் திறன் குறையாதிருக்குமானால், அவர் வடத்தையும் நிலக்கம்பியையும் இணைப்பிகளையும் முதலில் ஆராயுங்கள். அவர் முள் 1 காட்டினாலும் ஆராயுங்கள். 1 காட்டினால் இன்னும் கருத்தாக ஆராயுங்கள்.

இளைஞர்களே! திருவள்ளுவர் மெய்யுணர்தல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தோற்றத்தில் நில்லாது உள்ளதை உள்ளவாறு காண்பது துறவியர்க்கு மட்டும் உரியதன்று; கருவி பிடிப்பவர்க்கும் உரியது. நல்ல எண் வரும்போது ஐயுறுவது கடினம். தீய எண் வந்தால்தான் நாம் ஆராயத் தொடங்குகின்றோம். வானலையில் நம்மை ஏமாற்றுவன பெரும்பாலும் நல்ல எண்களே.

வரும் மழைக்கு முன் உங்கள் வடத்தின் மேல் நுனியைத் திறந்து ஒருமுறை அளந்து, எண்ணை நாளிட்டு எழுதி வையுங்கள். அவ்வொரு வரி, நெருக்கடி நாளில் எங்கோ ஒரு தாய்க்குத் தன் மகன் உயிரோடிருக்கும் செய்தியைக் கொண்டு சேர்க்கும் அலைக்கு அடித்தளமாகலாம்.